அணுகுண்டுக் கதையும் மூன்று முனையங்களும்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இணையம் எப்படித் தோன்றியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலம். அணுகுண்டு விழுந்தாலும் தகவல் தொடர்பு அறுந்துபோகக் கூடாது என்று அமெரிக்க ராணுவம் உருவாக்கியதுதான் இணையம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அணுகுண்டைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட்டவர் பால் பாரன். கலிஃபோர்னியாவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அன்றைய தொலைபேசி இணைப்புகள் சில பெரிய மையங்களை நம்பித்தான் இருந்தன. அவற்றில் குண்டு விழுந்தால் நாடே ஊமையாகிவிடும். அதனால் மையமே இல்லாத ஒரு வலையை அவர் யோசித்தார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் கிடைத்த வழியில் அனுப்பி, சேரும் இடத்தில் மறுபடி ஒன்றாக்குவது. பழனிக்குக் கிளம்பிய பெரிய குடும்பம் ஒரே வேனுக்காகக் காத்திருக்காமல், நாலு பேர் திண்டுக்கல் வழியாகவும் மூன்று பேர் உடுமலைப்பேட்டை வழியாகவும் போய் மலையடிவாரத்தில் கூடுவதில்லையா, அந்த மாதிரி. ஒரு பாதையில் மறியல் நடந்தாலும் குடும்பம் போய்ச் சேர்ந்துவிடும்.

1964-இல் இதை 11 தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். தொலைபேசி உலகை ஆண்டுகொண்டிருந்த ஏடி அண்ட் டி நிறுவனம் இது நடக்காத காரியம் என்று கையை விரித்தது. பாரனின் வலை கடைசிவரை கட்டப்படவே இல்லை. லண்டனை ஒட்டிய டெடிங்டனில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் 1965-இல் தனியாக யோசித்து இதே முடிவுக்கு வந்தார். துண்டுகளுக்குப் பாக்கெட் என்று பெயர் வைத்தவர் அவர்தான். அவர் யோசனைக்கும் அணுகுண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, நிஜமாகக் கட்டப்பட்ட வலை எங்கிருந்து வந்தது? 1966-இல் பென்டகனில் பாப் டெய்லர் உட்கார்ந்திருந்த அலுவலகத்திலிருந்து வந்தது. ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவிய அதிர்ச்சியில் 1958-இல் தொடங்கிய ஆர்ப்பா என்ற ஆராய்ச்சி அமைப்பில், கணினிப் பிரிவின் தலைவர் அவர். அங்கே மூன்று முனையங்கள், அதாவது தூரத்துக் கணினியோடு தட்டச்சு செய்து பேசும் கருவிகள், இருந்தன. ஒன்று எம்.ஐ.டி. கணினிக்கு, ஒன்று பெர்க்லிக்கு, ஒன்று சாண்டா மோனிகாவுக்கு. ஒவ்வொன்றுக்கும் கட்டளைகள் வேறு. ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த ஊர்க்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுந்து அடுத்த முனையத்துக்குப் போக வேண்டும். அவருக்கு அலுத்துவிட்டது.

செலவும் சேர்ந்துகொண்டது. ஆர்ப்பா பணத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒவ்வொரு குழுவும் தனக்கொரு பெரிய கணினி வேண்டும் என்று கேட்டது. இருக்கிற கணினிகளை இணைத்துவிட்டால் பகிர்ந்துகொள்ளலாமே என்று மேலதிகாரி சார்லஸ் ஹெர்ஸ்ஃபெல்டிடம் போய்ச் சொன்னார் டெய்லர். 20 நிமிடப் பேச்சில் 10 லட்சம் டாலர் கிடைத்தது என்பார்கள். அணுகுண்டுக்காகச் செய்ததல்ல என்று ஹெர்ஸ்ஃபெல்டே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், பகிர்ந்துகொள்ள யாரும் தயாராக இல்லை. 1967-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் திட்டத்தை விளக்கியபோது, கணினி வைத்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எங்கள் கணினியின் நேரத்தை ஊருக்கெல்லாம் ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. செய்தியைக் கடத்தும் வேலைக்கு மட்டும் தனியாகச் சிறு கணினிகளை வைத்துவிடலாம் என்று வெஸ் கிளார்க் என்ற கணினி வடிவமைப்பாளர் சொன்ன பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. இன்றைய ரவுட்டர்களுக்கு மூதாதை அதுதான். சிறு கணினி என்று பேர், ஆனால் ஃப்ரிட்ஜ் அளவு இருக்கும்!

1969 அக்டோபர் 29 இரவு 10.30 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி போனது. 'லாகின்' என்று தட்டத் தொடங்கி இரண்டு எழுத்து போனதும் எதிர்முனை படுத்துவிட்டது. இந்தக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதே ஆண்டு ஏப்ரலில் நடந்தது. இந்தக் கணினிகள் எந்த விதிப்படி பேசிக்கொள்ள வேண்டும் என்று எழுதும் வேலை முதுகலை மாணவர்கள் தலையில் விழுந்தது. பெரியவர்கள் யாராவது வந்து சரியாகச் செய்வார்கள் என்று காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. ஸ்டீவ் கிராக்கர் என்ற மாணவர் முதல் குறிப்பை எழுதினார். தங்கியிருந்த வீட்டில் நண்பர்களின் தூக்கம் கெடக் கூடாதென்று குளியலறையில் உட்கார்ந்து எழுதினாராம். உத்தரவு போடுகிற தொனி வந்துவிடக் கூடாதே என்ற பயம் வேறு. அதனால் அதற்குக் 'கருத்துக் கோரிக்கை' என்று தலைப்பு வைத்தார். இணையத்தின் விதிகள் இன்றுவரை அதே பெயரில்தான் வெளியாகின்றன. அதிகாரம் உள்ளவர் ஒருவர் எழுதியிருந்தால் இவ்வளவு பேர் கை வைத்துத் திருத்தியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம் மின்னஞ்சல். அதுவும் யாரும் கேட்காமல் வந்ததுதான். 1971-இல் ரே டாம்லின்சன், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கிடையே வலை வழியாகக் கடிதம் அனுப்பிப் பார்த்தார். சக ஊழியரிடம் காட்டியபோது, இது நம் வேலையில்லை, யாரிடமும் சொல்லிவிடாதே என்றாராம் டாம்லின்சன். 1973-இல் ஆர்ப்பா கணக்குப் பார்த்தது. விலையுயர்ந்த கணினிகளைப் பகிர்வதற்காகக் கட்டிய வலையில், போக்குவரத்தில் முக்கால்வாசி கடிதங்கள்!

இதுவரை சொன்னது ஒரு வலையின் கதை. வலைகளுக்கெல்லாம் வலை என்ற எண்ணம் 1974-இல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய கட்டுரையில் வருகிறது. ரேடியோ வலை, செயற்கைக்கோள் வலை என்று வகை வகையாக வந்துவிட்ட காலம். உள்ளே எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள்ளுங்கள், வெளியே பேசும்போது மட்டும் ஒரே விதியில் பேசுங்கள் என்பதுதான் சாரம். அந்த விதிக்கு மாற 1983 ஜனவரி 1 என்று கெடு வைத்தார்கள். மாறாதவர்களுக்கு இணைப்பு கிடையாது. பல இடங்களில் மாதக்கணக்கில் தடுமாற்றம். ஒருவழியாக மாறி முடித்தவர்கள், இதிலிருந்து நான் உயிர் தப்பிவிட்டேன் என்று எழுதிய பட்டனைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள்.

டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலைத்தளங்களின் கதை அதற்குப் பல ஆண்டுகள் தள்ளி வருகிறது. அதைத் தொட்டால் அமைப்பாளர்கள் மணியடித்துவிடுவார்கள். உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.