52 சந்தைக்கு ஒரு பை

நேயர்களுக்கு வணக்கம். நான் ஈரோட்டில் துணிப்பை தைக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். ஏழு தையல் மெஷின்கள், ஓர் ஓவர்லாக் மெஷின், என்னையும் சேர்த்து ஒன்பது பெண்கள். இவ்வளவுதான் எங்கள் பட்டறை. இந்தத் தொழிலைப் பற்றியும், அதை வைத்துக்கொண்டு எங்கள் தெருக்களில் செய்துவரும் வேலையைப் பற்றியும் பேச வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

பட்டறையின் பின்வாசலைத் திறந்தால் காலிங்கராயன் வாய்க்கால். பவானியில் அணை கட்டி, 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் அது. இன்றைக்கும் மஞ்சளும் வாழையும் கரும்பும் நெல்லும் அந்தத் தண்ணீரில் விளைகின்றன. தண்ணீர் ஓடும்போது அதன் வயிற்றில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. தண்ணீரை நிறுத்தியதும் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். அப்படி நிறுத்தியிருந்த ஒரு சமயம் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் உள்ளே இறங்கி, ஒரு மதகின் கம்பியில் அடைத்திருந்ததை இழுத்துப் போட்டோம். பிரித்துப் பார்த்தால் கேரி பேக்குக்குள் கேரி பேக். பூ வாங்கிய பை, கொத்தமல்லி வாங்கிய பை, சாம்பார் கட்டிய பை. ஒன்றில் எங்கள் தெரு மளிகைக் கடையின் பெயர் அழியாமல் இருந்தது. அந்தக் கடையில்தான் நானும் சாமான் வாங்குகிறேன். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், ஒரு மஞ்சப்பை இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் இறக்கும் வரை அவர் கையில் வேறு பையைப் பார்த்ததில்லை. மஞ்சள் மண்டிச் சீட்டு, நிலத்துப் பட்டா, வெற்றிலை, எனக்கு வாங்கிய பொரிகடலை, எல்லாம் அதற்குள்தான். அழுக்கானால் அவரே துவைத்து வேலியில் காயப்போடுவார். பிறகு ஒரு காலம் வந்தது. மஞ்சப்பை எடுத்து வருபவரைப் பட்டிக்காட்டான் என்று சொல்லும் காலம். ஒரு மனிதர் தன் பொருளைத் தன் பையில் எடுத்துப்போவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நாம் யாரும் அப்போது கேட்கவில்லை. கேட்காமல் விட்டதன் விலைதான் அந்த மதகில் அடைத்துக்கொண்டு கிடந்தது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. எந்தத் தடிமனில் இருந்தாலும் கேரி பேக் கூடாது என்பது அந்தப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பர் 23 அன்று அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. சட்டம் வழியைத் திறந்துவிட்டது. அந்த வழியில் நடப்பது எங்களைப் போன்றவர்களின் வேலை என்று நினைத்துத்தான் இந்தத் தொழிலில் இறங்கினேன்.

ஈரோட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. விசைத்தறியில் நெய்து, சலவையும் சாயமும் ஏற்றாமல் அப்படியே வரும் துணியைக் காடா என்போம். பழுப்பு கலந்த வெள்ளை நிறம். அங்கங்கே கரும்புள்ளிகள் தெரியும். அவை பருத்திக் கொட்டையின் துணுக்குகள். முதலில் வாங்கியவர்கள் அதை அழுக்கு என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். காடாவில் கஞ்சி ஏறியிருக்கும், முதல் துவைப்பில் சுருங்கும். எங்களுக்கு அது தெரிந்திருந்தும் நனைக்காமல் தைத்து, ஒரு கல்யாண வீட்டுக்குத் தாம்பூலப் பை கொடுத்தோம். துவைத்ததும் பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இப்போது துணியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, பிறகுதான் வெட்டுகிறோம்.

அதைவிடப் பெரிய அடி, பையின் காது, அதாவது கைப்பிடி, பிய்ந்ததில் கிடைத்தது. ஒரு பாட்டி மூன்று கிலோ வெங்காயத்தோடு பஸ் ஏறும்போது ஒரு காது கையோடு வந்துவிட்டது. வெங்காயம் முழுவதும் சாலையில். அவர் என்னைத் திட்டவில்லை. "கண்ணு, பார்த்துத் தைக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அன்று முதல் காது சேரும் இடத்தில் துணியை இரண்டாக மடித்து, சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே ஒரு தையல் போடுகிறோம். ஒரு பைக்கு இதனால் நேரம் கூடுகிறது, கூலி கூடுகிறது. ஆனால் கிழிந்துபோகும் துணிப்பை ஒரு மனிதரைத் திரும்பக் கேரி பேக்கிடமே அனுப்பிவிடுகிறது. அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்.

"மஞ்சள் ஊரில் இருந்துகொண்டு ஏன் மஞ்சள் நிறத்தில் தைப்பதில்லை?" என்று பலர் கேட்கிறார்கள். மஞ்சள் கிழங்கை அரைத்து நனைத்துப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. வெயில் பட்டதும் நிறம் வெளுத்துவிட்டது. நிலைக்க வேண்டுமானால் சாயப் பட்டறைக்குப் போக வேண்டும். இங்கே நான் நொய்யல் ஆற்றை நினைக்காமல் இருக்க முடியாது. அதன் குறுக்கே கட்டி, பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுநீர் தேங்கும் குட்டையானதை எங்கள் பகுதி விவசாயிகள் கண்ணால் பார்த்தார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போனது. பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைகள் வந்தன. ஆனாலும் காய்கறி தூக்கும் பைக்குச் சாயம் எதற்கு? காடாவின் நிறமே எங்கள் பையின் நிறம் என்று முடிவு செய்தோம். இதனால் சில ஆர்டர்கள் போயின. போகட்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். துணி மாதிரியே தோன்றும் ஒரு பை கடைகளில் புழங்குகிறது. நான்-ஓவன் பை, அதாவது நெய்யாத பை என்பார்கள். தொட்டால் துணிபோல இருக்கும், விலையும் குறைவு. அது நெகிழி. 2019 தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஒரு பெரிய கடை எங்களிடம் மாதிரிப் பைகளை வாங்கி, விலை பேசி, கடைசியில் அந்தப் பையை வாங்கி, மேலே 'துணிப்பை' என்று அச்சிட்டுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் பை தைப்பதற்காகத் துணி வாங்கி அடுக்கியிருந்த எனக்கு அது பெரிய இழப்பு. அதைவிட, வாங்கிப்போன மக்கள் நல்லது செய்கிறோம் என்று நம்பியதுதான் என்னை வருத்தியது.

அதன்பிறகு பள்ளிகளுக்குப் போக ஆரம்பித்தோம். கட்டுரைப் போட்டி வைப்பதில்லை. ஒரு மெழுகுவத்தி, இடுக்கி, ஒரு பருத்தி நூல், நான்-ஓவன் பையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, இவை போதும். ஆசிரியர் கையால்தான் கொளுத்தச் சொல்வோம். பருத்தி நூல் காகிதம்போல எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகிவிடும். மற்றது சுருங்கி, உருகி, சொட்டி, ஆறியதும் கெட்டியான மணிபோல நிற்கும். இதைப் பார்த்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டுக்குப் போய்ப் பரணில் இருந்த பைகளையெல்லாம் இறக்கிப்போட்டு, எது துணி எது நெகிழி என்று பிரித்துவிட்டாளாம். அவள் அம்மா பட்டறைக்கே வந்து சொன்னார். விழிப்புணர்வு ஊர்வலங்களுக்கும் எங்களை அழைக்கிறார்கள். ஃபிளெக்ஸ் பேனர் பிடித்துக்கொண்டு நடப்பதாக இருந்தால் வர மாட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். அதுவும் நெகிழிதானே. துணியில் எழுதிய பதாகையை நாங்களே தைத்து எடுத்துவருகிறோம்.

இனி நான் சொல்லப்போவது, பை விற்பவள் சொல்லத் தயங்கும் செய்தி. டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும், நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். அதையெல்லாம் கணக்கிட்டு, புவி வெப்பமாவதை மட்டும் பார்த்தால்கூட, ஒரு சாதாரண பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது நெகிழிப் பைக்குச் சமமாகும் என்றது. மற்றப் பாதிப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. குப்பையாக வாய்க்காலை அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் அந்தக் கணக்கில் சேரவில்லை. நம் ஊருக்கு அவைதான் பெரிய கேடு. ஆனாலும் படித்ததும் எனக்குத் திக்கென்றது. நான் விற்ற பைகள் எத்தனை வீடுகளில் மடித்தபடியே கிடக்கின்றன? கல்யாணத்துக்குக் கல்யாணம் சேரும் தாம்பூலப் பைகள் எத்தனை? எடுக்காத பை, தைக்காமலே இருந்திருக்க வேண்டிய பை.

அப்போது அந்த 52 என்ற எண்ணைத் திரும்பப் பார்த்தேன். ஆண்டுக்கு 52 வாரம். வாரம் ஒரு சந்தை. ஓர் ஆண்டு முழுக்கச் சந்தைக்கு அதே பையை எடுத்துப்போனால் அந்த முதல் கடன் தீர்ந்துவிடும். என் அப்புச்சி அதை எத்தனை ஆண்டுகள் தாண்டிப் போயிருப்பார்!

அன்று முதல் எங்கள் பையின் உட்புறம் 52 சிறு கட்டங்களை அச்சிடுகிறோம். ஒவ்வொரு முறை கடைக்குப் போய்வந்ததும் பேனாவால் ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் மறப்பதில்லை. நிரம்பிய பையைக் கொண்டுவந்தால், கிழிசலைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுக்கிறோம். புதுப் பை கொடுப்பதில்லை. "இதென்ன வியாபாரம்?" என்று என் கணவரே கேட்டார். ஆனால் கிழிசல் தைக்க வருபவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. தலையணை உறையோ மெத்தை விரிப்போ கேட்கிறார்கள். பட்டறைக்கு அதில்தான் இப்போது நிலையான வருமானம்.

கடைக்காரர்களிடம் பேசியதுதான் எல்லாவற்றிலும் கடினம். அவர்களைக் குற்றம் சொல்வது எளிது. சந்தையில் காய் விற்கும் ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "அம்மணி, பை இல்லை என்று நான் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். சாயங்காலத்துக்குள் என் கத்தரிக்காய் வாடிவிடும். உன் பை வாடுமா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அபராதம் என்று பேசுபவர்கள் அந்தக் கத்தரிக்காயையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கடை மட்டும் நிறுத்தினால் அந்தக் கடைக்கு நட்டம். வரிசை முழுவதும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. இதைப் புரியவைக்க நான்கு மாதம் வாரந்தோறும் போய் உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு வரிசைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். வரிசையின் இரு முனையிலும் கொக்கியில் எங்கள் பைகளைத் தொங்கவிட்டோம். இருபது ரூபாய் முன்பணம். பையைத் திருப்பினால் பணம் திரும்பும். முதல் வாரங்களில் பைகள் போனது போனதுதான். பிறகு மெல்லத் திரும்ப ஆரம்பித்தன. சிலர் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்த அன்று அந்தக் காய்க்கார அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது.

துணிப்பை எல்லாவற்றுக்கும் ஆகாது. கறிக்கும் மீனுக்கும் இட்லி மாவுக்கும் தூக்குப்போசிதான், அதாவது பிடி வைத்த தூக்குப் பாத்திரம்தான் சரி. மாவுக் கடைக்குப் போசி எடுத்துப்போன தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் எந்தப் பரணில் இருக்கிறது என்று சொல்வார்கள்.

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஓரிரு வார்த்தைகள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவரிடம் போகாதீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கூடிய கடன் திட்டங்களைப் பற்றி நேரில் கேளுங்கள். மெஷின் வாங்கும் முன், வாங்கப்போகும் கடைகளுக்கு நடந்து பாருங்கள். வெட்டும்போது மிஞ்சும் துணியைக் கணக்கில் வையுங்கள். எங்கள் பையின் காதுகள் பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான் வருகின்றன. அதற்கும் ஆகாத துண்டுகளைக் கைப்பிடித் துணியாகத் தைத்துப் பலகாரக் கடைகளுக்குக் கொடுக்கிறோம்.

போன மாதம் ஒரு பை தையலுக்கு வந்தது. கொண்டுவந்தவர், வெங்காயம் கொட்டிய அதே பாட்டி. 52 கட்டமும் நிரம்பியிருந்தது. அதற்குக் கீழே பேரன் ஸ்கேல் வைத்து இன்னும் 52 கட்டம் வரைந்திருந்தான். அதிலும் முக்கால்வாசி குறி விழுந்திருந்தது. அடிப்பக்கம் நைந்திருந்தது, காது இரண்டும் அப்படியே இருந்தன. அடியில் இன்னொரு துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். "சந்தை கலைந்துவிடும், சீக்கிரம் கொடு கண்ணு" என்று வாங்கிக்கொண்டு நடந்தார்.