எண்ணெய் மாற்ற 70 யூரோவா? நானே மாற்றிவிட்டேன்! | ரோலோஃப் ஹப் கியர்

வணக்கம் மக்களே. கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எண்ணெய்தான். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

என் பச்சைக்காரியை, அதாவது என் பச்சை சைக்கிளைத் தெரியாதவர்கள் இந்தச் சேனலில் இருக்கமாட்டீர்கள். பின் சக்கரத்தில் ரோலோஃப் ஸ்பீட்ஹப், 14 கியர், அத்தனையும் நடுவில் இருக்கும் அந்தக் குண்டு ஹப்புக்குள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அவ்வளவு ஓட்டாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை, உள்ளே எண்ணெய் மாற்ற வேண்டும். போன வாரம் இங்கே ஒரு கடையில் கேட்டேன். கடையின் பெயர் வேண்டாம். 70 யூரோவாம். எண்ணெய்க் காசு தனியாம். அதையும் மூன்று வாரம் கழித்து வந்தால்தான் செய்வார்களாம்!

நான் இருப்பது ஜெர்மனியின் காசல் நகரம். இந்த ஹப்பைச் செய்யும் ஃபுல்டாடால் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கேயிருந்து 1998-லிருந்து உலகம் முழுக்கப் போகும் ஒரு சாமானுக்கு, இங்கே எண்ணெய் மாற்ற மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தேன். வந்ததும் எண்ணெய் மாற்றும் கிட், அதாவது எண்ணெய், சிரிஞ்ச், குழாய் எல்லாம் சேர்ந்த பொட்டலம், ஆர்டர் போட்டேன்.

செய்வதற்கு ஒன்றுமே இல்லை மக்களே. ஹப்பின் உடம்பில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். 3 மில்லிமீட்டர் ஆலன் கீ போதும். அது மேலே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிவைத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தத் துளையில் குழாயை முறுக்கி, சிரிஞ்சால் 25 மில்லி கழுவும் எண்ணெயை உள்ளே விட வேண்டும். ஸ்க்ரூவை மூடிவிட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மூன்றாவது, ஐந்தாவது கியர்களில்தான் அதிகமாக ஓட்டச் சொல்கிறார்கள். வெளியே மழை. அதனால் ஸ்டாண்டில் மாட்டி, கெல்லரில், அதாவது வீட்டு நிலவறையில், நின்றபடியே கையால் பெடலைச் சுற்றினேன். மேல்வீட்டு அம்மா துணி துவைக்க வந்தவர், ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஆ, ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். எண்ணெயை விடுவதற்கு முன்னால், சிரிஞ்சால் உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, விடுகிற எண்ணெய் திரும்பி உங்கள் மேலேயே வரும். சரி, சுற்றி முடித்தபிறகு குழாயை மறுபடி மாட்டி, துளை கீழே வரும்படி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். நான் டீ குடித்தேன். அப்புறம் உறிஞ்சினால் வருகிறது பாருங்கள், சாம்பல் கலந்த கறுப்பு. விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பொடிப்பொடியாக மினுமினுக்கிறது. இது வெளியே வரும்போது கிடைக்கிற திருப்தி இருக்கிறதே! புது எண்ணெயை விட்டு, ஸ்க்ரூவை மெதுவாக முடுக்கினால் வேலை முடிந்தது. வீரத்தைக் காட்டி இறுக்காதீர்கள், மரை கெட்டுவிடும்.

இப்போது கமென்ட்டுக்கு வருகிறேன். "ஆயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்து ஒரு ஹப்பா? மூளை இருக்கிறதா?" என்று ஒருவர் மாதாமாதம் கேட்கிறார். இருக்கிறது அண்ணா. சிக்னலில் பின்னால் நான்கு பை கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். பத்தாவது கியரிலேயே நின்றுவிட்டீர்கள். செயின் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தாவும் சாதாரண டீரெய்லர் கியராக இருந்தால், பெடலைச் சுற்றாமல் கியர் மாறாது. அப்படியே மிதித்து, முக்கி, தள்ளாடி, பின்னால் வருகிற காரிடம் ஹார்ன் வாங்க வேண்டும். இதில் நின்ற இடத்திலேயே கைப்பிடியைத் திருகினால் இரண்டாவது கியர். பெடல் அசையவே வேண்டாம். எனக்கு இந்த ஒன்றுக்கே காசு செரித்துவிட்டது.

முதல் கியரோடு ஒப்பிட்டால் பதினான்காவது 526 சதவீதம், அதாவது 5.26 மடங்கு. ஒவ்வொரு படியும் 13.6 சதவீதம், ஒரே சீராக. இதில் ஒரு வேடிக்கை. எங்கள் ஊர் ஹெர்குலிஸ் சிலை நிற்கிற மலையின் உயரமும் 526 மீட்டர்! வேசர் ஆற்றுப் பாதையில் எத்தனை நாள் போனாலும் முதல் மூன்று கியருக்கு வேலையே கிடையாது. ஹெர்குலிஸுக்கு ஏறும்போதுதான் முதல் கியரை வைத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போவேன். அப்பாவிடம் இருந்ததும் ஹெர்குலிஸ்தான், அம்பத்தூரில் செய்தது, கியரே இல்லாதது. அதை மிதித்து அவர் எப்படித்தான் மேம்பாலம் ஏறினாரோ.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. ஏழாவது கியர்! டேபிள் கிரைண்டரில் உளுந்து அரைபடுகிற சத்தம். ஏழும் அதற்குக் கீழேயும் போனால் உள்ளே இன்னொரு பல்சக்கரக் கூட்டமும் சேர்ந்து சுழல்கிறது, அதனால்தான். எட்டாவதுக்கு மாறினால் அப்பாடா என்று இருக்கும். ஆனால் அந்த ஏழு எட்டு மாற்றத்தில் மட்டும் ஜாக்கிரதை. அழுத்தி மிதித்தபடியே மாற்றினால் ஒரு நொடி பதினான்காவது கியரில் போய் விழும். மேட்டில் அது நடந்தால் முழங்கால் நம்மைத் திட்டும். காலை ஒரு கணம் தளர்த்திவிட்டு மாற்றுங்கள். இப்போது எனக்குக் கால் தானாகவே தளர்ந்துவிடுகிறது.

ஹப்பின் வெளியே லேசாக எண்ணெய் கசிவதைப் பார்த்து இன்னொருவர் பதறிப்போய் எழுதியிருந்தார். அது வழக்கம்தான், துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

செயின் விஷயம் சுருக்கமாக. நேர்கோட்டில் ஓடுவதால் சீக்கிரம் தேய்வதில்லை. பின் பல்சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். நான் ஏற்கெனவே திருப்பியாகிவிட்டது. சக்கரமும் பலம், ஏனென்றால் ஒரே பல்சக்கரம் என்பதால் இரண்டு பக்கமும் ஸ்போக் ஒரே சாய்வில் இருக்கிறது. இத்தனை பாரத்துக்கும் ஒரு ஸ்போக்கூட இதுவரை உடையவில்லை. கண் படாமல் இருக்க மரத்தைத் தொட்டுக்கொள்கிறேன், மேஜை மரம்தான்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி, "வாங்கலாமா அண்ணா?" என்று கேட்டிருந்தார். ஆபீஸ் போய்வரவா? வேண்டவே வேண்டாம் தம்பி. உள்ளே ஏதாவது ஆனால் தெருமுனைக் கடையில் திறக்க முடியாது. சக்கரத்தையே பார்சல் கட்ட வேண்டிவரும். மாதக்கணக்கில் நாடு சுற்றப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை, அப்போது கடன் வாங்கியாவது வாங்குங்கள்.

கிட் விலை கேட்பீர்கள். தபால் செலவோடு 30 யூரோ கூட ஆகவில்லை. சிரிஞ்சும் குழாயும் அடுத்த வருடத்துக்கும் ஆகும். பழைய எண்ணெயைத் தயவுசெய்து சிங்கில் ஊற்றாதீர்கள். நான் ஊறுகாய்ப் பாட்டிலில் மூடிவைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிடுவேன். அடுத்த வீடியோவில் செயின் இறுக்குவது. அதற்குள் அந்த 5 மில்லிமீட்டர் ஆலன் கீ எங்கே போனது என்று தேட வேண்டும்.