தண்ணீருக்குள் மூச்சுத் திணறும் மீன்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

உயிர்கள் தம் சூழலோடு வாயுக்களை எப்படிப் பரிமாறிக்கொள்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அமீபாவில் தொடங்கி ஆலமரம் வரை போகலாம். நான் ஒரே ஒரு மீனோடு நின்றுகொள்ள விரும்புகிறேன். அது பனையேறிக் கெண்டை. வயல் வாய்க்காலில் இறங்கி மீன் பிடித்தவர்களுக்கு அதன் முள் மறந்திருக்காது.

1791ஆம் ஆண்டு. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்ற அதிகாரி, குளக்கரையில் நின்ற பனையின் பட்டைப் பிளவிலிருந்து, ஐந்தடி உயரத்தில், இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் அந்தக் குறிப்பு அச்சேறியது. மீன் தானாக ஏறியதா, காகமோ பருந்தோ கவ்விவந்து அங்கே விட்டதா என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள். நியாயமான ஐயம். ஆனால் செவுள் மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, இந்த மீன் ஈர நிலத்தில் நகர்ந்து போவது பலரும் கண்ட உண்மை. நீரை விட்டு வெளியே வந்தும் பல மணி நேரம் உயிரோடு இருக்கிறது.

இது எப்படி முடிகிறது என்று அறிய, முதலில் மூச்சின் அடிப்படையைப் பார்க்க வேண்டும். நுரையீரல் ஆக்சிஜனைச் சுரந்து ரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடப் பெரிய உடலியலாளர்கள் சிலர் நம்பினார்கள். கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோக், தம் மனைவி மேரியோடு சேர்ந்து செய்த நுட்பமான அளவீடுகளால் 1910இல் அதை மறுத்தார். தம் ஆசிரியர் கிறிஸ்டியன் போர் என்பவரின் கொள்கையையே அவர் மறுக்க வேண்டியிருந்தது. வாயு, அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாகவே பரவுகிறது. உயிர் செய்ய வேண்டியதெல்லாம், அகலமான, மெல்லிய, ஈரமான ஒரு பரப்பை அதற்கு அமைத்துத் தருவது. நம் நுரையீரலில் அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மீனின் சிக்கல் நம்முடையதைவிடக் கடினமானது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள நன்னீரில், கரைய முடிந்த அளவு முழுவதும் கரைந்திருந்தாலும், அது லிட்டருக்கு 5 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும். போதாததற்குத் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு கனமானது. அவ்வளவு கனத்தை வாயால் இழுத்துச் செவுள் வழியே தள்ளித்தான் இந்தச் சொற்ப ஆக்சிஜனை எடுக்க வேண்டும். அதனால்தான் செவுளில் நீர் ஒரு திசையிலும் ரத்தம் அதற்கு எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. வழி நெடுக ரத்தத்தைவிட நீரில் ஆக்சிஜன் கூடுதலாகவே இருக்கும். பரவல் எங்கும் நிற்காது. இயற்கை கண்ட ஏற்பாடுகளில் இதைவிட அழகானதை நான் அறியேன்.

அத்தனை நேர்த்தியான செவுளைக் காற்றில் எடுத்து வைத்தால், மழையில் நனைந்த புத்தகத்தின் தாள்கள் போல இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பரப்பு சுருங்குகிறது. ஆக்சிஜன் மிகுந்த காற்றின் நடுவே கிடந்து சாதாரணக் கெண்டை மூச்சுமுட்டிச் சாகிறது.

பனையேறிக்கோ செவுளுக்கு மேலே ஓர் அறை உண்டு. உள்ளே மடிப்பு மடிப்பாக எலும்புத் தகடுகள், அவற்றின் மேல் ரத்த நுண்குழாய்கள் நிறைந்த சவ்வு. லாபிரிந்த் உறுப்பு என்பார்கள். எலும்பு தாங்குவதால் காற்றிலும் அது ஒட்டிக்கொள்வதில்லை. மீன் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கி அதை நிரப்பிக்கொள்கிறது. ஆக்சிஜன் வற்றிய நீரில் வலைகட்டி மேலே வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

மாணவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். மேலிருந்து ஆக்சிஜனை எடுக்கும் இந்த மீன், கார்பன் டை ஆக்சைடை அதே வழியில் வெளியேற்றுவதில்லை. பெரும்பகுதியைச் செவுள் வழியாக நீரில்தான் விடுகிறது. ஆக்சிஜனைவிட அந்த வாயு நீரில் இருபது மடங்குக்கு மேல் எளிதாகக் கரைவதே காரணம். வரவு காற்றிலிருந்து, செலவு தண்ணீருக்கு. மூச்சை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் ஒரே வழியில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் உயிர்களுக்கு இல்லை.

விரால், தேளி ஆகியவையும் தத்தம் வழியில் காற்றைச் சுவாசிக்கின்றன. சந்தையில் கொஞ்சம் தண்ணீரில் அவை உயிரோடு துள்ளுவது அதனால்தான். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சாக்கடை கலந்து பச்சை பூத்த குளத்தைக் காட்டி, "மீன் துள்ளுகிறதே, குளம் நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார்கள். எந்த மீன் துள்ளுகிறது என்று பாருங்கள். விராலும் பனையேறியும் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த நீரில் மூச்சுக்கு வழியில்லை என்று பொருள்.

பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசியும் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. சூரியன் உதிக்கும் முன்புதான் அளவு அடிமட்டத்தைத் தொடும். கோடையில் ஒரே இரவில் கெண்டைகள் செத்து மிதக்கும்போது, யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊர் பேசுகிறது. சில இடங்களில் அப்படியும் நடந்திருக்கலாம். ஆனால் பல குளங்களில் மீன்கள் மூச்சுக்காற்று இல்லாமல்தான் சாகின்றன.

ஆகவே குளம் காக்கும் குழுவினரிடமும் அறிவியல் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நண்பகலில் நீரை அளந்து ஏட்டில் எழுதாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் போங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் கெண்டைக்கு நல்லது. 2க்குக் கீழே இறங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்றே சாக்கடை வாயை அடைத்துவிடுங்கள். புதுநீர் விட வழியிருந்தால் விடுங்கள். மறுநாள் வரை பல மீன்கள் தாங்காது.