இலவச வைஃபைக்கு மாதக் கட்டணம் யார் கட்டுவது?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையின் உள்ளூராட்சி சபைகள் ஆண்டின் இறுதி மாதங்களில் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டைச் சபையில் சமர்ப்பிக்கின்றன. வீதி, வடிகான், தெருவிளக்கு, கழிவகற்றல், சந்தை, நூலகம் என்று அந்தப் பாதீட்டின் தலைப்புகள் நமக்கு நன்கு பழகியவை. அந்த வரிசையில் பொது இடங்களுக்கான இலவச வைஃபை என்ற செலவையும் சேர்க்கலாமா, சேர்த்தால் அதற்கான பணம் எங்கிருந்து வர வேண்டும், வந்த பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்பவை பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்க வேண்டும். ஆனால் வைஃபை பெட்டி வாங்குவதற்கும் திறப்பு விழா நடத்துவதற்கும் மட்டும் பணம் ஒதுக்க எண்ணும் சபை, அந்தத் தலைப்பைத் தொடாமலே விட்டுவிடுவது நல்லது.

இந்த யோசனையைக் கேட்டதும் பலரும் எழுப்பும் முதல் ஆட்சேபம், இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, இதற்கு எதற்குப் பொதுப்பணம் என்பதுதான். போன் இருப்பது உண்மை. அந்தப் போனில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நாட்கூலிக்குப் போகிற ஒரு குடும்பம் மாதத்துக்கு ஒரு முறை பெரிய டேட்டா பொதி வாங்குவதில்லை. கையில் காசு இருக்கிற அன்று சிறிய ரீலோட் ஒன்றைப் போடுகிறது. விலை குறைவாக இருப்பதால் பெரும்பாலும் தெரிவுசெய்யப்படுவது சமூக ஊடகப் பொதி. அதில் பேஸ்புக் திறக்கும், வட்ஸ்அப் திறக்கும், யூடியூப் ஓடும். ஆனால் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்துக்குப் போய்க் கடந்தகால வினாத்தாள் ஒன்றை இறக்க அந்தப் பொதி உதவாது. கிழக்கு மாகாணத்தின் வெல்லாவெளியிலோ நாவிதன்வெளியிலோ உள்ள ஒரு மாணவி மாலை முழுவதும் போனை வைத்திருந்தும் தனக்குத் தேவையான பக்கம் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் சோம்பலும் அல்ல, சிக்னல் கோபுரம் இல்லாமையும் அல்ல. அவள் வாங்கக்கூடிய இணையம் அந்த அளவுக்குத்தான் வெட்டி விற்கப்படுகிறது.

மறுபுறத்தில், அரசாங்கமோ தன் கருமபீடங்களை ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாற்றிக்கொண்டு வருகிறது. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோலுக்கே கியூஆர் குறியீடு தேவைப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதற்கு அடுத்த ஆண்டு அஸ்வெசும என்ற நலன்புரி உதவித்தொகைத் திட்டம் வந்தது. கடவுச்சீட்டு, பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்காக நம் மக்கள் எங்கே போகிறார்கள்? சந்தியில் உள்ள கொமினிகேஷனுக்குப் போகிறார்கள். போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கணினி, அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை, கதிரைக்குப் பின்னால் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நாலைந்து பேர். கடைக்காரத் தம்பி ஒவ்வொருவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் சத்தமாக வாசித்துத் தட்டச்சு செய்கிறார், கடவுச்சொல்லைத் தானே தெரிவுசெய்து ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. அரசாங்கம் செய்யாது விட்ட சேவையை அவர் செய்கிறார், அதற்குக் கூலி வாங்குகிறார். ஆனால் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும் ஒரு தாய் அந்த விண்ணப்பத்துக்கே பணம் செலுத்த வேண்டியிருப்பதையும், அவருடைய கடவுச்சொல் இன்னொருவர் கையெழுத்தில் இருப்பதையும் நாம் இயல்பானவை என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இலவச இணையம் இந்த நாட்டுக்குப் புதிய எண்ணம் அன்று. உலக வங்கியின் உதவியோடு நடந்த இ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் நெனசல என்ற பெயரில் பொதுக் கணினி, இணைய நிலையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. நூலகங்களிலும் வழிபாட்டுத் தலங்களிலும்கூட அவை இயங்கின. 2014 ஆம் ஆண்டு பில் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் விருதையும் அத்திட்டம் பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே புகையிரத நிலையங்கள், வைத்தியசாலைகள் போன்ற பொது இடங்களில் இலவச வைஃபை வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று அவற்றைத் தேடிப் பார்ப்பவர் பல இடங்களில் பெயர்ப்பலகையை மட்டுமே காண்பார். உதவித்தொகை ஓடிய வரை நிலையம் ஓடியது. அது நின்றதும் மாதக் கட்டணத்தை யார் கட்டுவது, பழுதான கணினியை யார் திருத்துவது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

இதே கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொண்டவர்கள் ஐரோப்பியர். ஐரோப்பிய ஒன்றியம் வைஃபை-ஃபோர்-ஈயூ என்ற பெயரில் 2018 ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் தெரிவுசெய்யப்பட்ட ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றத்துக்கும் 15,000 யூரோ பெறுமதியான பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. அந்தப் பணத்தில் கருவிகளை வாங்கிப் பொருத்தலாம். இணைப்பின் மாதக் கட்டணத்தையும் பராமரிப்பையும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு மன்றமே ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. விளம்பரம் போடக் கூடாது, பயன்படுத்துபவரின் தகவல்களை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பவையும் நிபந்தனைகள். (அந்தத் திட்டத்தின் முதல் விண்ணப்ப அழைப்பு கணினிக் கோளாறு காரணமாக இரத்துச் செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும், இணையத்தளம் சொதப்புவது நமக்கு மட்டும் உரிய சிறப்பு அன்று.) மத்தி பெட்டியைக் கொடுக்கும், ஊர் அதை ஓட்டும் என்ற இந்தப் பங்கீடு அறிவார்ந்தது. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பலன் தலைகீழாகிவிடும். மாதக் கட்டணத்தைச் சுமக்கக்கூடிய சபைகள் நம்மிடம் மாநகர சபைகளும் ஓரிரு நகர சபைகளும்தான். சோலைவரி வருமானம் மிகச் சொற்பமான வாகரை, வவுணதீவு, பட்டிப்பளை போன்ற பிரதேசங்களின் சபைகள் பெட்டியைப் பெற்று அதற்கு இணைப்பு எடுக்க முடியாமல் நிற்கும்.

ஆகவே பிலிப்பைன்ஸ் சென்ற வழியே நமக்குப் பொருத்தமானது என்று நினைக்கிறேன். அந்நாடு 2017 ஆம் ஆண்டு பொது இடங்களில் இலவச இணையம் வழங்குவதைச் சட்டமாகவே இயற்றியது. அதற்கான நிதியத்துக்கு, அலைக்கற்றையைப் பயன்படுத்தும் நிறுவனங்களிடமிருந்து அறவிடப்படும் கட்டணத்திலிருந்து பணம் வர வழிசெய்தது. தொலைத்தொடர்பிலிருந்து வரும் பொது வருமானத்தின் ஒரு பகுதி தொலைத்தொடர்பை எட்ட முடியாதவர்களுக்கே திரும்புகிறது. ஆண்டுதோறும் ஓர் அமைச்சரின் நல்லெண்ணத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் அலைக்கற்றைக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் கட்டணம் அறவிடப்படுகிறது. அதற்கு மேல், நாம் போடும் ரீலோட்டிலும் வரி இருக்கிறது. 2024 ஜனவரி முதல் வற் வரி மட்டும் 18 சதவீதம். அந்த வருமானத்தில் ஒரு சிறு பங்கைத் தனி நிதியமாக ஒதுக்கி, வறிய சபைக்குக் கூடுதலாகவும் வசதியான சபைக்குக் குறைவாகவும் மாதக் கட்டண மானியமாக வழங்கலாம். கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்க ஏற்கெனவே பொதுப்பணம் உதவுகிறது, அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் கோபுரம் சிக்னலைக் கொண்டுவருகிறது. ரீலோட் போடக் காசு இல்லாதவருக்கு அந்தச் சிக்னலால் பயனில்லை.

தனியார் கம்பனியிடம் ஒப்படைத்துவிட்டால் சபைக்குச் செலவே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2005 ஆம் ஆண்டு அப்படித்தான் நினைத்தது. ஏர்த்லிங்க் என்ற கம்பனி நகரம் முழுவதற்கும் கம்பியில்லா வலையமைப்பை அமைக்க முன்வந்தது. கணக்குச் சரிவராததால் 2008 இல் விலகிக்கொண்டது. இந்தியப் புகையிரத நிலையங்களில் கூகுள் 2016 முதல் வழங்கிவந்த இலவச வைஃபை நல்ல சேவைதான். அதிலிருந்தும் அந்த நிறுவனம் 2020 இல் விலகுவதாக அறிவித்தது. டேட்டா மலிந்துவிட்டது என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. கம்பனி தன் கணக்கைப் பார்ப்பதில் தவறில்லை, ஊரும் தன் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

இனித் தொழில்நுட்பத்தைச் சிறிது பார்ப்போம், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வைஃபை பெட்டி இணையத்தை உண்டாக்குவதில்லை. தனக்குப் பின்னால் உள்ள இணைப்பைப் பங்கிடுகிறது. நூறு மெகாபிட் ஃபைபர் இணைப்பை ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஒருவருக்கு இரண்டு மெகாபிட் கிடைக்கும். விண்ணப்பம் நிரப்பவும், வினாத்தாள் இறக்கவும், வெளிநாட்டில் உள்ள மகனோடு பேசவும் அது போதும். ஐம்பது பேரும் படம் பார்க்க முற்பட்டால் எவருக்கும் ஒன்றும் திறக்காது. ஆகவே ஒருவருக்குரிய வேகத்துக்கு எல்லை வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அலையின் எட்டமும் குறைவு. திறந்த வெளியில் ஏறத்தாழ நூறு மீற்றர். சுவரும் மரங்களும் வந்தால் அதிலும் பாதி. “நகரம் முழுவதும் வைஃபை” என்று எவராவது வாக்குறுதி தந்தால் எத்தனை பெட்டி, எந்தெந்தக் கம்பத்தில் என்று கேளுங்கள். கரையோரத்தில் இன்னொரு செலவும் உண்டு. கல்லடியிலும் கல்முனையிலும் கடற்காற்று படுகிற இடத்தில் சாதாரண இரும்பு ஆணியால் இறுக்கிய பெட்டி ஒரு மாரி கழிவதற்குள் ஆணியோடு சேர்ந்து துருவேறிக் கண்ணீர் வடித்ததுபோல் சுவரில் செம்மஞ்சள் கோடு இறங்கியிருக்கும். ஐப்பசி இடிமின்னலுக்கு நிலத்தொடுப்புக் கம்பி வேண்டும். மின்வெட்டுக்கு மின்கலம் வேண்டும். கேள்விமனு கோரும்போதே இவற்றைக் கேட்காத சபை இரண்டாம் ஆண்டில் இன்னொரு கேள்விமனு கோர வேண்டியிருக்கும்.

எங்கே பொருத்துவது? மட்டக்களப்பில் காந்தி பூங்கா என்று உடனே சொல்லத் தோன்றும். படம் எடுக்க அழகான இடம். நான் அதைக் கடைசியில் வைப்பேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்து காலை முழுவதும் வாங்கில் இருக்கும் தாய்மார், பிரதேச செயலகத்தில் இலக்கத் துண்டோடு காத்திருப்பவர்கள், குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போக, பாதை என்னும் மிதவைப் படகு வரும்வரை நிற்பவர்கள், பிரதேச சபை நூலகத்துக்கு வரும் உயர்தர மாணவர்கள் ஆகியோர் இருக்கும் இடங்களில்தான் முதல் பெட்டிகள் வர வேண்டும். சந்தியில் பொருத்தினால் மாலையில் மோட்டார் சைக்கிள்களோடு இளைஞர்கள் கூடுவார்கள். அவர்கள் கூடுவது குற்றமன்று, ஆனால் அந்த இடத்தில் ஒரு பெண் பிள்ளை நின்று விண்ணப்பம் நிரப்ப மாட்டாள். நூலக விறாந்தையில் நாலு கதிரை, ஒரு மின்விசிறி, போன் சார்ஜ் செய்ய ஒரு செருகி, மாலை ஏழு மணி வரை ஒரு பொறுப்பாளர் ஆகியவற்றுக்குச் செலவிடும் பணம் பத்துக் கம்பங்களில் பத்துப் பெட்டி பொருத்தும் பணத்தைவிடப் பயன் தரும். பொறுப்பாளர் கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. இணைப்பு விழுந்தால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று தெரிந்தவராகவும், கடவுச்சொல்லை விண்ணப்பதாரியே தட்டச்சு செய்யும்வரை பொறுமையாக நிற்பவராகவும் இருந்தால் போதும்.

வடிகானே ஒழுங்காக இல்லை, வைஃபை எதற்கு என்ற கோபத்தை நான் அறிவேன், அதில் நியாயமும் உண்டு. ஆனால் இது சபையின் கடமைக்குப் புறம்பான ஆடம்பரம் என்பதை ஏற்க மாட்டேன். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொது வீதிகள் ஆகியவற்றோடு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும், மக்களின் வசதியையும் நலனையும் மேம்படுத்துவதையும் சபையின் பொறுப்பில் வைத்திருக்கிறது. தெருவிளக்கின் கீழ் நடப்பவரிடம் எந்தச் சபையும் கட்டணம் கேட்பதில்லை. அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் விண்ணப்பப் படிவம் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் கையால் வாங்கப்பட்டது. இன்று அது இணையத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இலவச இணைப்புக்குப் பதிவு கேட்பது வழக்கம். தேவைக்கு மேல் எந்தத் தகவலையும் வாங்கக் கூடாது, வாங்கியதை எவ்வளவு காலம் வைத்திருப்போம், யாருக்குக் கொடுப்போம் என்பதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது கடதாசியில் மட்டும் இருக்க விடக் கூடாது. அடையாள அட்டையைக் காட்டு என்று வீதியில் மறிக்கப்பட்ட அனுபவம் உள்ள ஒரு சமூகத்திடம் இலவச வைஃபைக்காக அதே இலக்கத்தைக் கேட்டால், பலர் பேசாமல் போனை மூடிவைத்துவிடுவார்கள்.

வானொலியில் இதைப் பேசும்போது கொத்மலையை நினைக்காமல் இருக்க முடியாது. 1998 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆதரவோடு கொத்மலைச் சமூக வானொலியில் ஓர் ஏற்பாடு நடந்தது. நேயர்கள் கேள்விகளை அனுப்புவார்கள்; அறிவிப்பாளர்கள் அவற்றுக்கான விடைகளை இணையத்தில் தேடி, ஊர்மொழியில் விளக்கி ஒலிபரப்புவார்கள். கணினியைக் கண்டிராத கிராமத்தவர் வானொலிப் பெட்டி வழியாக இணையத்தைப் பயன்படுத்தினார்கள். வைஃபை எட்டாத முதியவர்களுக்காக அப்படியான அரைமணி நேர நிகழ்ச்சியொன்றை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இன்றும் நடத்தலாம். செலவு மிகச் சிறியது.

பாதீட்டு வரைவு நிறைவேற்றப்படுவதற்கு முன்னர் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். சபை அலுவலகத்துக்குப் போய் அதைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அதில் இலவச இணையம் என்று ஒரு தலைப்பு இருந்தால், மூலதனச் செலவுப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆண்டுதோறும் திரும்ப வரும் மீண்டெழும் செலவுப் பக்கத்தையும் புரட்டி, மாதக் கட்டணம், பராமரிப்பு, பொறுப்பாளரின் கொடுப்பனவு ஆகிய மூன்றுக்கும் தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்பட்டிருக்காவிட்டால், வாக்களிப்பு நடைபெறும் முன்னரே உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.