பாம்பின் கால் எங்கே போனது?

[திரை: மலைப்பாம்பின் அடிவயிறு, வால் தொடங்கும் இடம், மிக நெருக்கத்தில்]

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். மலைப்பாம்பின் காலை நாமும் பார்க்கலாம். கழிவுத் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் உற்றுப் பாருங்கள், செதில்களுக்கு நடுவே கொக்கி மாதிரி ஒரு நகம் துருத்திக்கொண்டு நிற்கிறது, ஆணுக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். உள்ளே தேய்ந்துபோன தொடை எலும்பும் இடுப்பெலும்பின் மிச்சமும் உண்டு. இணைசேரும்போது ஆண் பாம்பு இந்த நகத்தால் பெண்ணை வருடும். இது பாம்பின் மூதாதைகளிடம் இருந்த பின்னங்காலின் மிச்சம்தான், ஏனென்றால் அர்ஜென்டினாவில் கிடைத்த நஜாஷ் என்ற, 9 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பாம்புப் புதைபடிவத்தில் பின்னங்கால்கள் தெளிவாகவே இருக்கின்றன.

அந்தக் கால் எப்படிப் போனது? இதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு கால் எப்படி முளைக்கிறது என்று பார்க்க வேண்டும், அதற்குக் கோழி முட்டையை விட வசதியான இடம் கிடையாது.

[திரை: ஓட்டில் சிறு ஜன்னல் வெட்டிய முட்டை, உள்ளே துடிக்கும் கரு]

அடைவைத்து மூன்று நாள் ஆன முட்டை. ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, கருவைத் தொந்தரவு செய்யாமல் வேலையை முடித்து, டேப் ஒட்டித் திரும்ப அடைவைத்தால் அது பாட்டுக்கு வளரும். உடலின் பக்கவாட்டில் ஒரு புடைப்பு தெரிகிறதா? அதுதான் இறக்கை மொட்டு. உள்ளே ஒரே மாதிரியான செல்கள், மேலே தோல், நுனியில் அந்தத் தோல் தடித்து ஒரு வரம்பு. எலும்பு இல்லை, தசை இல்லை, விரலுக்கான அடையாளம் எதுவுமே இல்லை. நம் கையும் இப்படித்தான் தொடங்கியது, கருத்தரித்த நான்காவது வாரத்தில், முழு உடம்பே அரை சென்டிமீட்டர்தான் இருந்தபோது. எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் பிரிந்துவிடுகின்றன.

அமெரிக்க விஞ்ஞானி ஜான் சாண்டர்ஸ் 1948-இல் அந்த நுனி வரம்பை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தார். இறக்கை பாதியில் நின்றுவிட்டது. சீக்கிரம் வெட்டினால் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றது, தாமதமாக வெட்டினால் விரல்கள் மட்டும் வரவில்லை. நுனி வரம்பு சுரக்கும் புரதங்கள்தான் அடியிலுள்ள செல்களை ‘பெருகிக்கொண்டே இரு’ என்று தூண்டுகின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது.

சரி, நீளம் புரிந்துவிட்டது. கட்டைவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரல் மறுபக்கம் என்று மொட்டுக்கு எப்படித் தெரியும்? 1968-இல் சாண்டர்ஸும் மேரி கேசலிங்கும் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொன்னது. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த சோதனை இதுதான். இறக்கை மொட்டின் பின்விளிம்பிலிருந்து, அதாவது நம் கையானால் சுண்டுவிரல் வரும் பக்கத்திலிருந்து, துளியூண்டு திசுவை எடுத்து முன்விளிம்பில் ஒட்டினார்கள்.

[திரை: இரண்டு இறக்கை எலும்புக்கூடுகள். ஒன்றில் 2, 3, 4. மற்றதில் 4, 3, 2, 2, 3, 4]

கோழி இறக்கையில் மூன்றே விரல்கள், அவற்றை 2, 3, 4 என்று எண்ணுவது வழக்கம். ஒட்டிய இறக்கையிலோ ஆறு விரல்கள் வந்தன, 4, 3, 2, 2, 3, 4 என்று கண்ணாடியில் பார்ப்பது போல! அந்தத் துளித் திசு ஏதோ ஒன்றைக் கசியவிடுகிறது. பக்கத்து வீட்டு மீன்குழம்பு நம் சமையலறையில் தூக்கலாகவும் வாசல் திண்ணையில் லேசாகவும் மணக்குமே, அப்படித்தான்: கசிவு அதிகமாகப் படும் இடத்தில் ஒரு விரல், குறைவாகப் படும் இடத்தில் வேறு விரல். படும் அளவோடு எவ்வளவு நேரம் படுகிறது என்பதும் சேர்ந்தே இதை முடிவு செய்கிறது.

கசிவது என்ன என்று 1993-இல் கிளிஃப் டேபினின் ஹார்வர்டு குழு காட்டியது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம். ஆமாம், வீடியோ கேமில் ஓடும் அந்த நீல முள்ளெலியின் பெயரேதான்.

இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவுக்கும் இதே பெயர்தான், அது கைகால் வேலையோடு நிற்பதில்லை. மூளை இரண்டாகப் பிரியவும், தண்டுவடம் சரியாக அமையவும் இதுவே வேண்டும். அதனால் கால் வேண்டாம் என்று எந்த விலங்காலும் இந்த மரபணுவைத் தூக்கி எறிய முடியாது, எறிந்தால் கருவே உருப்படாது. பாம்பிடமும் இந்த மரபணு பத்திரமாக இருக்கிறது. போனது வேறொன்று.

ஒரு மரபணுவை எந்த உறுப்பில், எப்போது இயக்குவது என்பதற்குத் தனித்தனி சுவிட்சுகள் டிஎன்ஏவில் உண்டு. சோனிக் ஹெட்ஜ்ஹாக்கைக் கைகால் மொட்டில் இயக்கும் சுவிட்ச் நமக்கு அந்த மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. இதன் பெயர் இசட்ஆர்எஸ். எலியில் இதை மட்டும் நீக்கினால் மூளையில் கோளாறு வராது, ஆனால் கைகால்கள் குட்டையாக நின்றுவிடும்.

2016-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். எலியின் இசட்ஆர்எஸ்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனிதனுடையதை வைத்தார்கள், கால் ஒழுங்காக வந்தது. சீலகாந்த் என்ற ஆழ்கடல் மீனுடையதை வைத்தார்கள், அப்போதும் வந்தது. மலைப்பாம்பினுடையதை வைத்தபோது எலிக்கு வெறும் மொண்டிக் கால்கள். அப்புறம்தான் முக்கியமான கட்டம். மற்ற விலங்குகளில் இருக்கிற, பாம்புகளில் மட்டும் காணாமல் போயிருந்த 17 எழுத்துகளை மலைப்பாம்பின் சுவிட்சில் திரும்பச் சேர்த்து எலிக்குள் வைத்தார்கள். கால் திரும்பி வந்தது.

வெறும் 17 எழுத்துகள்! அதற்காகப் பாம்புக்கு அதைச் சேர்த்தால் கால் முளைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், கால் போன பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகளில் இன்னும் எவ்வளவோ மாறிவிட்டது. மலைப்பாம்பின் கருவில் பின்னங்கால் மொட்டு இன்றும் முளைக்கிறது, சோனிக் ஹெட்ஜ்ஹாக் கொஞ்ச நேரம் மங்கலாக இயங்கி அணைந்துவிடுகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் வந்ததுதான் நீங்கள் பார்த்த நகம்.

மீனின் சுவிட்ச் எலிக்கு வேலை செய்தது என்றேன் இல்லையா, அதைக் கவனிக்காமல் கடந்துவிடாதீர்கள். விரல் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு முன்பே இந்த ஏற்பாடு துடுப்புக்காக இருந்திருக்கிறது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004-இல் எடுத்த டிக்டாலிக் என்ற மீனின் புதைபடிவம் 37.5 கோடி ஆண்டு பழையது, அதன் துடுப்புக்குள் மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், மணிக்கட்டு மாதிரியான சிறு எலும்புகள் எல்லாம் இருந்தன, விரல் மட்டும் இல்லை. அதற்குக் கொஞ்சம் பிந்திய, கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டெகா என்ற ஆதி நாற்கால் விலங்கின் கையிலோ எட்டு விரல்கள். ஐந்து என்ற கணக்கு பிற்பாடு நிலைத்தது.

[திரை: இரட்டைக் கட்டைவிரல் உள்ள கையின் எக்ஸ்ரே]

அந்த ஐந்து இன்றும் சில குடும்பங்களில் ஆறாகிறது. கூடுதல் விரலுக்குக் காரணங்கள் பல, ஆனால் கட்டைவிரல் பக்கம் கூடுதலாக வந்து, அதுவும் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்கள் சிலவற்றில், இதே இசட்ஆர்எஸ்ஸில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். சுவிட்ச் முன்விளிம்பிலும் இயங்கிவிடுகிறது, சாண்டர்ஸ் ஒட்டிய திசு செய்த அதே வேலை. நம் ஊரில் இப்படிப் பிறந்த குழந்தையைப் பார்த்ததும் ‘கர்ப்பமா இருக்கும்போது கிரகணத்தைப் பார்த்தியா’ என்று தாயைக் கேட்கிறார்கள், அது எனக்குக் கோபம் வரவைக்கும் கேள்வி. அந்த எழுத்து மாற்றம் தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம், புதிதாகவும் வரலாம். கிரகணத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.