சருகுக் குவியலின் மேல் ஒரு தாய்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரை மாதக் கடைசி. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம், ஆகும்பே பக்கம் ஒரு பாக்குத் தோப்பு. தோப்பு முடிந்து காடு தொடங்கும் இடத்தில், மூங்கில் புதருக்கு அடியில், முழங்கால் உயரத்துக்குச் சருகு குவிந்து கிடந்தது. யாரோ கூட்டி வைத்த குப்பை என்று நினைத்து நான் நடந்துகொண்டே இருந்தேன். தோப்புக்காரர் தோளைப் பிடித்து நிறுத்தினார். “காளிங்கா” என்று மட்டும் சொன்னார். அப்புறம்தான் குவியலின் மேல் சுருண்டு கிடந்த உடல் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அது ராஜநாகம். சில ஊர்களில் கருநாகம் என்றும் சொல்வார்கள். கன்னடத்தில் காளிங்க சர்ப்பம். நச்சுப்பாம்புகளில் உலகிலேயே நீளமானது இதுதான். பத்துப் பன்னிரண்டு அடி சாதாரணம், பதினெட்டு அடி வரை வளர்ந்ததும் உண்டு. இந்தப் பாம்பின் நீளத்தையும் நஞ்சையும் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் அந்தச் சருகுக் குவியலைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

மாசி, பங்குனியில் ஆணும் பெண்ணும் சேரும். அதன் பிறகு பெண் பாம்பு இடம் தேடி அலையும். பாம்புக்குக் கையில்லை, காலில்லை. உடலை வளைத்து, அந்த வளைவுக்குள் சருகை அணைத்து, இழுத்து இழுத்துக் கொண்டுவந்து குவிக்கும். இப்படிச் சருகைக் கூட்டிக் கூடு கட்டுகிற பாம்பு வேறு எதுவும் இல்லை. நடுவில் 20 முதல் 40 முட்டைகள் வரை இட்டு, மேலே மறுபடி சருகை மூடி, அதன் மேலேயே காவல் இருக்கும். ஆகும்பேயில் ஆண்டுக்கு ஏழாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும். அத்தனை மழையிலும் முட்டை இருக்கும் அறை நனையாதபடி சருகு ஒன்றன்மேல் ஒன்றாக இறுகியிருக்கும். தேர்ந்த கொத்தனார்கூட இப்படிக் கூரை போடுவாரா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

குஞ்சு பொரிய இரண்டு மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகலாம். பொரிவதற்குச் சற்று முன்னால் தாய் கூட்டை விட்டுப் போய்விடும். பாம்புகளைத் தின்று வாழும் பாம்பு, தன் குஞ்சையே தின்றுவிடக்கூடாது என்றுதான் விலகிப்போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. சாரை, நல்லபாம்பு, குழிவிரியன் எல்லாம் இதற்கு இரைதான்.

இப்போது சிக்கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். மலைநாட்டுப் பாக்கு விவசாயிகளுக்குத் தோப்பை ஒட்டிய காட்டில் ‘சொப்பின பெட்டா’ என்று ஒரு பங்கு உண்டு. தழை எடுக்கும் காடு என்று பொருள். அங்கிருந்து தழையும் சருகும் எடுத்துத்தான் தோப்புக்கு உரம் போடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம், அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மழைக்கு முன் மனிதர் சருகு வாரும் காலமும், பாம்பு சருகு சேர்க்கும் காலமும் ஏறக்குறைய ஒன்று. வாரிவிட்டால் கூடு கட்டப் பொருள் கிடையாது. தெரியாமல் கூட்டையே வாரினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டுக்குத் தீ வைத்தால் இன்னும் மோசம். தரையோடு எல்லாம் போய்விடும்.

ராஜநாகத்துக்கு மரம் மட்டும் இருந்தால் போதாது. அடியில் சருகு வேண்டும், ஓடையோரம் வேண்டும், சாரைப்பாம்புகள் வேண்டும். சாரைக்கு எலி வேண்டும். எலி நம் வீட்டுக் களஞ்சியத்தில் இருக்கிறது. எலியைத் தேடிச் சாரை வரும், சாரையைத் தேடி ராஜநாகம் வரும். சமையலறையில் பாம்பு என்று ஊர் கூடுவது பெரும்பாலும் இப்படித்தான். இனப்பெருக்க காலத்தில் பெண்ணின் வாடையைப் பிடித்துக்கொண்டு ஆண் பாம்புகளும் வீட்டுப்பக்கம் வருவதுண்டு.

உடனே பிடித்து, வண்டியில் ஏற்றி, தொலைவில் ஒரு காட்டில் விட்டுவிட்டால் அதற்கு நல்லது என்று நாம் நினைக்கிறோம். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர், 2005இல் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். 2008இல் அங்கே ராஜநாகத்தின் உடலுக்குள் இருக்குமிடத்தை வானொலி அலையால் காட்டும் சிறிய கருவியை வைத்து அதன் நடமாட்டத்தைப் பின்தொடரத் தொடங்கினார்கள். தன் இடத்தில் இருக்கும் பாம்பு பழகிய தடத்தில் நடமாடியது. தொலைவில் கொண்டுபோய் விட்ட பாம்போ நிலைகொள்ளாமல் வெகுதூரம் அலைந்தது. எங்கே ஒளிவது, எங்கே இரை கிடைக்கும், எதுவும் தெரியாத இடம் அல்லவா? ஆகவே பிடித்தே ஆக வேண்டும் என்றாலும், அருகிலேயே விடுவதுதான் சரி. பாதி நேரம் பிடிக்கவே தேவையில்லை. வழியை விட்டு நாம் விலகி நின்றால் அது தானே போய்விடும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வாலைப் பிடித்துத் தூக்கிக் கைபேசியில் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நம் நாட்டு மருத்துவமனைகளில் இருக்கும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கு மட்டும் தயாரிக்கப்படுவது. ராஜநாகம் அந்தப் பட்டியலில் இல்லை. இதன் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். அப்போது செயற்கைச் சுவாசக் கருவிதான் துணை. அதே சமயம், காட்டில் தானாகத் துரத்தி வந்து கடிக்கிற விலங்கு இது இல்லை. கடிபடுபவர்களில் பெரும்பாலோர் இதைக் கையில் எடுத்தவர்கள்.

2024இல் இன்னொரு செய்தி வந்தது. ஒரே இனம் என்று இத்தனை காலம் எண்ணியிருந்த ராஜநாகம், உண்மையில் நான்கு இனங்கள் என்று ஆய்வாளர்கள் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது தனி இனம். அதற்குக் காளிங்கா என்றே அறிவியல் பெயர். இந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் இந்த இனம் கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட காலத்திலேயே இது சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள உயிராக இருந்தது. இப்போது அந்த ஒன்று நான்காகப் பிரிந்திருக்கிறது, அப்படியானால் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் அதைவிடக் குறைவு. நம் களக்காடு, முண்டந்துறை, ஆனைமலைக் காடுகளும் இதே மலைத்தொடரில்தான் இருக்கின்றன.

சரி, அந்தத் தோப்புக்காரருக்கு வருகிறேன். கூட்டைச் சுற்றி நாலு குச்சி நட்டு, பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார். அந்த மூலைக்கு நாயையும் பிள்ளைகளையும் விடவில்லை. அந்த வருடம் அந்தப் பக்கத்துச் சருகு மட்டும் வாராமல் கிடந்தது. ஆடி மழையில் ஒருநாள் தாய் போய்விட்டது. பிறகு சில நாளில் கறுப்பு உடலில் வெள்ளை வளையம் போட்ட குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி இருக்கும், ஒவ்வொன்றாகச் சருகிலிருந்து தலை நீட்டின. அவர் குடை பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தாராம். பதினேழு வரை எண்ணினேன், அப்புறம் மழை வலுத்துவிட்டது என்றார்.

நன்றி, வணக்கம்.