முதலில் நெருப்பு, பிறகுதான் ஓவியம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணித் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். அரசியல் ஓவியம் புரட்சியை மூட்டும் தீப்பொறியா, நடந்ததைச் சொல்லும் சாட்சியா என்பது இன்றைய தலைப்பு. சாட்சியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

ஓவியத்தைப் பார்த்துத்தான் மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். அவர் ஓவியங்களைக் காட்டினார், தேதிகளைக் காட்டவில்லை. பாரிஸ் மக்கள் மன்னனை விரட்டியது 1830 ஜூலையில். கொடியேந்தி முன்செல்லும் பெண்ணைப் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா தீட்டியது அதற்குப் பிறகு. ஸ்பெயினின் மத்ரித் நகரில் பிரெஞ்சுப் படை பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது 1808 மே மாதத்தில். ஸ்பானிய ஓவியர் கோயா அதை வரைந்தது 1814-இல். ஆறு ஆண்டுகள் ஐயா! அந்த ஓவியத்தில் தரையில் ஒரு விளக்கு எரிகிறது. வெள்ளைச் சட்டைக்காரன் இரு கைகளையும் விரித்து நிற்கிறான். அவன் முகத்தின் திகில் நமக்குத் தெரிகிறது. சுடுகிற சிப்பாய் ஒருவனின் முகமும் தெரியவில்லை. கண்ணால் கண்டவன் கூண்டேறிச் சொல்வதைப் போல இருக்கிறது.

நம் சிங்கப்பூருக்கு வருவோம். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைக் கிராமம் எரிந்து, சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்தத் தீக்குப் பிந்திய காட்சியை நம் ஓவியர் லிம் யூ குவான் மரத்தில் செதுக்கி அச்செடுத்தார். இங்கேயும் நெருப்புதான் முதலில்.

சென்ற மாதம் தேசியக் கலைக்கூடத்தில் என் மகளோடு ஓவியர் சுவா மியா டீயின் ‘தேசிய மொழி வகுப்பு’ ஓவியத்தின் முன் நின்றேன். சிங்கப்பூர் சுயாட்சி பெற்ற 1959-இல் வரைந்தது. வட்ட மேசையைச் சுற்றி வளர்ந்த ஆண்களும் பெண்களும். கரும்பலகையில் மலாய் மொழியில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? “பெரியவர்கள் ஏன் அப்பா சின்னப் பிள்ளைப் பாடம் படிக்கிறார்கள்?” என்று கேட்டாள் மகள். பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. காலனி ஆட்சி, வேலைநிறுத்தங்கள், பல மொழி பேசியவர்கள் ஒரே நாட்டினராக முயன்றது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஓவியம் யாரையும் தெருவுக்கு அழைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து மனிதர்களின் தவிப்பை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

ஓவியம் சுவரொட்டியாகி ஊர்வலத்தில் போயிருக்கிறது, நான் மறுக்கவில்லை. அப்போதும் மக்களைத் தெருவில் இறக்கியது பசியும் அவமானமும்தான்.

“அப்படியானால் அரசுகள் ஏன் ஓவியத்துக்கு அஞ்சின?” என்று எதிரணியினர் கேட்பார்கள். கேட்கட்டும். 1943 வங்கப் பஞ்சத்தில் ஓவியர் சித்தபிரசாத் மிதுனாப்பூர் ஊர்களுக்குப் போய், எலும்பும் தோலுமாகக் கிடந்த மக்களை வரைந்தார். அது நூலாக வந்ததும் ஆங்கில அரசு படிகளைப் பறித்து அழித்தது. அந்த நூல் வருவதற்கு முன்பே பஞ்சம் ஊரைத் தின்றுவிட்டது; பிறகு எதற்கு அச்சம்? வழக்கில் தோற்கப்போகிறவன் முதலில் யாரைக் கலைக்கப் பார்ப்பான், நடுவர் அவர்களே? சாட்சியைத்தானே!

நம் தேசியக் கலைக்கூடம் ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமுமாக இருந்த கட்டடம். சாட்சிகள் வாக்குமூலம் கொடுத்த இடத்தில் இன்று ஓவியங்கள் நிற்கின்றன. தீர்ப்பெழுதும் முன் ஒருமுறை அங்கே போய்வாருங்கள். நன்றி, வணக்கம்.